ப்ளக் பிடுங்கும் கட்டடம்

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சாதிக்கக்கூடும்.

ஜன்னலோர மேசையில், கணினித் திரைக்கு நேர் எதிரே, என் தங்கை. கட்டட வரைபடம் வரைவது அவள் தொழில். மேசைக்குக் கீழே, தரையில் சம்மணம் போட்டு, கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அவள் கணவர், என் மாப்பிள்ளை. கணினிக் கடையில் விற்பனையாளர். கதவருகே, மாவு படிந்த ஏப்ரனோடு, நன்றாக உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்று ஸ்டூலில் பாதி உடம்பை மட்டும் சாய்த்திருந்தவர் கீழ்த்தளத்துப் பேக்கரிக்காரம்மா. அந்த வீட்டிலேயே மெத்தென்ற ஒரே இருக்கையான சோபாவில் கட்டட உரிமையாளரின் ஏஜென்ட். அவர் வந்து போனால் மாடிப்படியில் அரை நாள் வாசனை நிற்கும் என்பதால் எங்கள் கட்டடத்தில் அவருக்கு சென்ட்டுக்காரர் என்று பெயர். சோபாவின் மறு ஓரத்தில், மடியில் பரீட்சை அட்டையை வைத்து, ஆட்சேபக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவன் நான். குடியிருப்போர் சங்கத்தின் கடிதங்களை எழுதுவது என் பொறுப்பு.

என்ன ஆட்சேபம் என்றால், எங்கள் கட்டடம் பாதுகாப்பற்றது, இடித்துவிடலாம் என்று உரிமையாளர் நகராட்சிக்கு மனுப் போட்டிருந்தார். பின்பக்க மாடிப்படியில் விரிசல் இருப்பது உண்மை. அதைச் சரிசெய்தால் போதும், மொத்தத்தையும் இடிக்க வேண்டியதில்லை என்று நாங்கள் சொன்னோம். வாயால் சொன்னால் போதாது, அளவு எடுத்த வரைபடத்தோடு எழுத்தில் சொல்லுங்கள் என்றது நகராட்சி. அன்றுதான் கடைசி நாள், அன்றைய தபால் முத்திரையோடு போக வேண்டும். தவறினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் தங்கை ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அளவெடுத்தாள். கட்டிலை நகர்த்தச் சொன்னாள், பீரோவை நகர்த்தச் சொன்னாள், குளித்துக்கொண்டிருந்த ஒருவரைச் சீக்கிரம் வெளியே வரச் சொன்னாள். அளவுகளை பேக்கரியின் ரொட்டிப் பைகளின் பின்புறத்தில் குறித்துக்கொள்வாள். கணினியில் ஏற்றியதும் பையைக் கசக்கிப் போட்டுவிடுவாள். முந்தின நாள் மாலைதான் கடைசித் தாள் முடிந்தது. காலையில் நிதானமாக ஒருமுறை சரிபார்த்து அச்செடுக்கலாம் என்று இருந்தாள். காலையில் கணினி எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை என்றால் ஒரேயடியாகப் படுத்துவிடவில்லை. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, கறுப்புத் திரையில் தயாரித்த கம்பெனியின் பெயர் வந்தது. அதன் பிறகு நீலமாக ஒரு திரை மின்னி, நாம் படிப்பதற்குள் மறைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. செக்கு மாடு மாதிரி அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"டிஸ்க் போயிடுச்சு. மாத்திடலாம்," என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆனால் அவருடைய அகராதியில் எந்தப் பொருளுக்கும் நோய் என்று ஒன்று கிடையாது. நேராக மரணம்தான். மிக்ஸி, மின்விசிறி, கைப்பேசி எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது 'மாத்திடலாம்' என்ற அந்த ஒரே வார்த்தை. அன்றும் பையில் வெள்ளி உறைக்குள் புது டிஸ்க் ஒன்று தயாராக இருந்தது.

"எல்லாத்தையும் மாத்திட்டாரு. பொண்டாட்டிய மட்டும்தான் இன்னும் விட்டு வெச்சிருக்காரு," என்றார் பேக்கரிக்காரம்மா.

"அதுக்கு இன்னும் ஆஃபர் வரலைம்மா," என்றார் மாப்பிள்ளை, பெட்டிக்குள் இருந்து தலையை எடுக்காமல்.

தங்கை சிரிக்கவில்லை. "புது டிஸ்க் போட்டா என் வரைபடம் வருமா?"

"வராது. ஆனா பழைய டிஸ்க்குல உயிர் இருந்தா, பக்கத்துல மாட்டி ஃபைல எடுத்துடலாம்."

"எடுத்து? அதை எதுல திறப்பீங்க?"

அந்தக் கணினி, தங்கை முன்பு வேலை பார்த்த வரைபட அலுவலகம் மூடியபோது அவள் தன்னோடு கொண்டுவந்தது. அவள் வரையும் புரோகிராம் அதற்குள்தான் இருக்கிறது. அதை விற்ற கம்பெனியும் இப்போது இல்லை, அதை ஏற்றும் சிடியும் இல்லை. ஃபைலை மட்டும் வெளியே எடுத்தால் அது சாவி இல்லாத பூட்டு மாதிரிதான். இருக்கிறது என்று சந்தோஷப்படலாம், திறக்க முடியாது.

சென்ட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா சொல்றேன். மெஷினே போதும்னு சொல்லிடுச்சு. நீங்க ஏன் சிரமப்படறீங்க? வேற இடத்துல வீடு தர்றோம்னு உரிமையாளர் சொல்றாரு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

காலையிலிருந்து அவர் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். எங்களில் யாராவது தளர்ந்தால் தாங்கிப் பிடிப்பதற்காக.

"எந்த இடத்துல?" என்றார் பேக்கரிக்காரம்மா.

"பஸ் வசதி இருக்கு."

"நான் கேட்டது இடத்த. பஸ்ஸ கேக்கல. என் அடுப்ப பஸ்ல ஏத்துவீங்களா?"

"சார்," என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீ குடிச்சுட்டீங்கன்னா கப்பை அங்கேயே வெச்சுடுங்க. கையெழுத்து மட்டும் கிடைக்காது."

நான் பேனாவை மூடினேன். எனக்குக் கணினி தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். நான் படித்த பள்ளியில், மேற்கூரையில் பாதி ஓடு இல்லாத ஒரு வகுப்பறையில், எங்கள் தமிழாசிரியர் ஒரு பத்தியில் ஒரு விஷயத்துக்கு மேல் எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் சொன்னேன்: "மாப்பிள்ளை, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. மாத்திட்டுப் பாருங்க. சரி வரலைன்னா பழையபடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. எல்லாத்தையும் ஒண்ணா கலைச்சா எது கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

"மச்சான், இது லெட்டர் இல்ல."

"லெட்டர் மாதிரியே பண்ணுங்க. ஒரு தடவை."

தங்கை ஒரு நிபந்தனை சேர்த்தாள். "டிஸ்க்குல எதையும் எழுதக் கூடாது. படிக்க மட்டும்தான். 'சரி பண்ணவா'ன்னு அது கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க."

"நீ என்னை நம்பவே மாட்டியா?"

"உங்களை நம்பறேன். உங்க விரலைத்தான் நம்ப மாட்டேன்."

முதலில் ப்ளக்கைச் சுவரில் வேறொரு துளையில் செருகிப் பார்த்தோம். மாற்றமில்லை. டிஸ்க்கிலிருந்து போகும் தட்டையான ஒயரைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகினார் மாப்பிள்ளை. அதே நீலத் திரை. வேறு ஒயர் போட்டார். அதேதான். பிறகு தங்கை மேசைக்குக் கீழே இறங்கி டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். காதையும் வைத்தாள்.

"சுத்துது. சீராத்தான் சுத்துது. டக்கு டக்குனு அடிச்சா போச்சுன்னு அர்த்தம், இல்ல?"

"ஆமா," என்றார் மாப்பிள்ளை அரை மனதாக.

"அடிக்கல."

"பேஷண்ட்டுக்கு மூச்சு இருக்கு," என்றார் பேக்கரிக்காரம்மா.

"மூச்சு இருந்தா போதுமாம்மா, நினைவு வேணுமே," என்றார் சென்ட்டுக்காரர். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்களுக்கு வேடிக்கையாக இல்லை.

அடுத்தது, கணினியின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய், டிஸ்க் இருப்பதாவது அதற்குத் தெரிகிறதா என்று பார்ப்பது. கம்பெனிப் பெயர் வந்ததும் மாப்பிள்ளை ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் திறந்தது. அதில் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெளிவாக இருந்தன. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' சொன்னதைப்போல.

"பேர் சொன்னா எழுந்து நிக்குது. இதைப் போய் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அப்போ இது ஏன் உள்ள போக மாட்டேங்குது?"

எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது என் வழக்கம். தேதி இல்லாத கடிதத்தை நான் கடிதமாகவே மதிப்பதில்லை. அந்தச் சாம்பல் பக்கத்தின் மேல் மூலையிலும் என் கண் போனது.

"மாப்பிள்ளை, இதுல ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு. வருஷம் பாருங்க, என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச வருஷம்."

"அது ஒண்ணும் இல்ல மச்சான். கடிகாரம் தப்பா இருக்கும்."

"ரெண்டு மூணு வாரமாவே பின்னாடி போய்ட்டு இருந்துச்சு," என்றாள் தங்கை. "தினம் காலையில நான்தான் சரி பண்ணுவேன். இன்னைக்கு அது முழுசா..."

பாதியில் நிறுத்தினாள். நாற்காலியை நகர்த்தி கணவரைப் பார்த்தாள்.

"தேதியை மறந்திருக்குன்னா, வேற எதையெல்லாம் மறந்திருக்கும்?"

மாப்பிள்ளையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். விற்பனையாளர் முகம் போய், எதையோ யோசிக்கிற மனிதரின் முகம் வந்தது. டார்ச்சை வாங்கிப் பெட்டிக்குள் அடித்தார். பச்சைப் பலகையின் மூலையில் காசு மாதிரி வட்டமாக, பளபளப்பாக ஒன்று இருந்தது.

"இந்த பேட்டரிதான் அதோட ஞாபகத்தைத் தாங்கறது. தேதி, அமைப்பு எல்லாம். இது தீர்ந்தா கம்பெனியில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடும். நாம மாத்தி வெச்சது எல்லாம் போயிடும்."

"மாத்தி வெச்சது இருக்கே," என்றாள் தங்கை. குரல் தாழ்ந்திருந்தது. "ஆஃபீஸ்ல இந்த மெஷின் வந்த புதுசுல அந்த புரோகிராம் ஓடல. எங்க சீனியர் இதே சாம்பல் பக்கத்துக்குள்ள போய், டிஸ்க்கு சம்பந்தமா ஏதோ ஒண்ணைப் பழைய முறைக்கு மாத்திட்டு, அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் ஏத்தினார். 'இதை யாரும் தொடாதீங்க'ன்னு சொன்னார். யாரும் தொடல. அதுவே மறந்துடும்னு யார் கண்டா?"

"டிஸ்க்கோட பேசற முறை," என்றார் மாப்பிள்ளை. உள்ளங்கையால் நெற்றியில் தட்டிக்கொண்டார். "பழைய முறை, புது முறைன்னு ரெண்டு இருக்கு. பழைய முறையில ஏத்தினதைப் புது முறையில கூப்பிட்டா உள்ள வராது. நீலத் திரைதான். எனக்குத் தெரியும் இது. தெரிஞ்சும் தோணல பாரு."

"கையில புது டிஸ்க் இருந்தா எப்படித் தோணும்," என்றாள் தங்கை.

பேக்கரிக்காரம்மாவுக்கு ஒரு சந்தேகம். "பேட்டரி ஏன் தீர்ந்துச்சு? என் வீட்டுக் கடிகாரத்துல வருஷக் கணக்கா ஓடுதே."

"ப்ளக் சொருகியே இருந்தா இதுவும் ஓடும்மா. அப்போ பாரம் கரண்ட்டு மேல. தினமும் ப்ளக்கைப் பிடுங்கினா, ராத்திரி பூரா இந்தக் காசு பேட்டரிதான் தனியா தாங்கணும்."

நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வெளியாருக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் கட்டடத்தின் மீட்டர் பெட்டியில் ஒருமுறை தீப்பொறி பறந்து படிக்கட்டு முழுக்கப் புகை பிடித்தது. வயரிங்கை மாற்றித் தரும்படி உரிமையாளருக்கு எழுதினோம். பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம். அதற்கும் வரவில்லை. கடைசியில் நாங்களே கூடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மாலையானதும் எல்லா வீட்டிலும், ஃப்ரிட்ஜைத் தவிர, எல்லா ப்ளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். பேக்கரிக்காரம்மா அடுப்பை அணைத்ததும் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்து "பிடுங்கியாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பார். ஒவ்வொரு மாடியிலிருந்தும் "ஆச்சு, ஆச்சு" என்று பதில் இறங்கி வரும். பதில் வராத வீட்டுக்கு அவரே ஏறி வருவார். அவர் ஏறி வந்தால் ப்ளக்கோடு சேர்த்து நம் மானத்தையும் பிடுங்குவார் என்பதால் யாரும் மறப்பதில்லை. தபால்காரரிலிருந்து பால்காரர் வரை எங்களை 'ப்ளக் பிடுங்கும் கட்டடம்' என்றுதான் சொல்வார்கள். அந்த வழக்கத்தை இந்தக் கணினியும் தினந்தோறும் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறது.

"அப்போ நான்தான் கெடுத்தேன்னு சொல்றீங்களா?" பேக்கரிக்காரம்மா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "பிடுங்கலைன்னா கட்டடமே எரிஞ்சிருக்கும். மெஷின் மட்டும் நல்லா இருந்திருக்கும்."

"யாரும் உங்களைச் சொல்லலம்மா."

"சொல்லிப் பாருங்க. நாளைக்கும் பிடுங்கத்தான் சொல்வேன்."

அப்போதுதான் சென்ட்டுக்காரர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முதன்முறையாக அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது.

"சார், இதை நீங்களே சொல்றீங்க. தினமும் எல்லா ப்ளக்கையும் பிடுங்கி வெச்சாத்தான் குடியிருக்க முடியும்னா, அந்தக் கட்டடம் பாதுகாப்பானதா? உங்க வழக்கமே எங்க பக்கம் சாட்சி சொல்லுதே. நகராட்சியில நான் இதைச் சொல்லலாமா?"

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது, அதுதான் எரிச்சல். தங்கை திரையை விட்டுத் திரும்பினாள். ஆனால் அவள் பேசுவதற்குள் நான் அட்டையில் ஒரு புதுத் தாளை வைத்தேன்.

"நீங்க சொல்ல வேண்டாம். நானே எழுதிடறேன்."

"எதை?"

"நீங்க சொன்னதைத்தான். வயரிங் கெட்டுப் போயிருக்கு. சரி பண்ணித் தரச் சொல்லி உரிமையாளருக்கு எழுதினோம், பதில் இல்லை. அவர் கைவிட்ட கட்டடத்தை நாங்க கையால காப்பாத்திட்டு வர்றோம், சாயங்காலந்தோறும். இதை நகராட்சி தெரிஞ்சுக்கணும். நீங்க ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி. தனிப் பத்தியா போடறேன்."

சென்ட்டுக்காரர் வாயைத் திறந்தார், பிறகு கப்பை எடுத்தார். அதில் டீ இல்லை. இருந்தாலும் குடித்தார்.

இதற்குள் மாப்பிள்ளை அந்தச் சாம்பல் பக்கத்தில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தார். தங்கை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினார். புது முறை என்று இருந்ததைப் பழைய முறைக்கு மாற்றி, சேமித்து, வெளியே வந்தார். கம்பெனிப் பெயர் வந்தது. நீலத் திரை வரும் இடத்தில் நாங்கள் எல்லாரும் திரையை நோக்கிக் குனிந்தோம். அந்த இடத்தைத் தாண்டியது. தங்கை முகப்புப் படமாக வைத்திருந்த பழைய மாடிப்படிப் படம் திரையில் விரிந்தது.

"மச்சான், ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன்," என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் பெருமை இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கை வரைபடங்களைத் திறந்தாள். எங்கள் கட்டடம் கோடு கோடாக வந்தது. அடித்தளம், பேக்கரியின் அடுப்பு, அதன் புகைபோக்கி, ஒவ்வொரு தளத்தின் சுவர், பின்பக்கப் படிக்கட்டு, விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு, அதற்குக் கொடுக்க வேண்டிய இரும்புத் தாங்கல். சென்ட்டுக்காரரும் எழுந்து வந்து பார்த்தார். பார்க்காமல் இருந்தால் அவர் மனிதரே இல்லை.

"இவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கீங்க மேடம். பெரிய ஆஃபீஸ்ல வேலை வாங்கித் தரலாம் உங்களுக்கு."

"முதல்ல என் வீட்டை வாங்காம இருங்க," என்றாள்.

அச்சு இயந்திரம் முதல் தாளை உருட்டித் தள்ளியது. இரண்டாவது, மூன்றாவது. தாள்கள் அகலமானவை, மெதுவாகத்தான் வரும். நான் ஒவ்வொன்றையும் வாங்கி, காய்வதற்காகச் சோபாவின் முதுகில் விரித்தேன். சென்ட்டுக்காரருக்கு உட்கார இடம் குறைந்துகொண்டே வந்தது.

பாதித் தாள்கள் முடிந்திருந்தபோது விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. அச்சு இயந்திரம் ஒரு தாளைப் பாதி விழுங்கியபடி ஊமையானது. கீழே பேக்கரிக்காரம்மாவின் கணவர் மாலைச் சரக்குக்காகப் பெரிய மின் அடுப்பைப் போட்டிருக்கிறார். மேலே இத்தனையும் ஒன்றாக ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? ஃப்யூஸ் போய்விட்டது.

மாப்பிள்ளை ஓடிப்போய் ஃப்யூஸ் போட்டுவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தார். கணினியைத் தட்டினார். கம்பெனிப் பெயர். பிறகு நீலம். மறுபடி கம்பெனிப் பெயர்.

"பேட்டரி செத்திருக்கே. கரண்ட் போனதும் மறுபடி எல்லாத்தையும் மறந்துடுச்சு," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சென்ட்டுக்காரர் பையிலிருந்து எங்கள் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, சோபாவின் கைப்பிடியில் வைத்தார். பேனாவையும் அதன் மேல் வைத்தார். "நான் எதுவும் சொல்லல," என்றார்.

தங்கை கணவரைத் தாண்டிக் குனிந்து கணினியை அணைத்தாள். மறுபடி போட்டாள். அந்தப் பொத்தானை இந்த முறை அவளே தட்டினாள். சாம்பல் பக்கம் வந்தது.

"மறந்தா மறுபடி சொல்லிக் கொடுப்போம். எத்தனை தடவை வேணும்னாலும். எனக்குச் சலிக்காது, அதுக்குத்தான் சலிக்கணும். எந்த வரிங்க அது? நகருங்க, நானே பண்றேன்."

மாப்பிள்ளை வரியைக் காட்டினார். அவள் மாற்றினாள். மாடிப்படிப் படம் மறுபடி வந்தது. பேக்கரிக்காரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவர் படியில் இறங்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து கீழே அவர் கணவரிடம் அவர் பேசியதும் எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"அணை அடுப்பை."

"மாவு பொங்கி நிக்குதுடி."

"பொங்கட்டும். நானும்தான் பொங்கி நிக்கறேன்."

"கேக்க வர்றவங்களுக்கு என்ன சொல்றது?"

"இன்னைக்கு ரொட்டி இல்ல, நாளைக்கும் கடை இங்கதான் இருக்கும்னு சொல்லு."

மேலே வந்தபோது அவர் கையில் மாவு எடை போடும் சிறிய மின் தராசு இருந்தது. அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த மூடியைக் கத்தி முனையால் நெம்பினார். உள்ளே காசு மாதிரி வட்டமான ஒரு பேட்டரி.

"நீங்க டார்ச் அடிச்சுக் காட்டினப்பவே நினைச்சேன், இதை எங்கயோ பார்த்திருக்கோமேன்னு. இது பொருந்துமா பாருங்க."

மாப்பிள்ளை அதன்மேல் இருந்த எண்ணைப் படித்தார். அச்சு முடியட்டும் என்று காத்திருந்தோம், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒன்று. கடைசித் தாள் வெளியே வந்த பிறகு கணினியை அணைத்து, பழையதை நெம்பி எடுத்துப் புதியதை வைத்தார். தேதியைச் சரியாக வைத்தாள் தங்கை. அமைப்பையும் மாற்றிச் சேமித்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மறுபடி செருகினாள். தேதி சரியாக இருந்தது. நீலத் திரை வரவில்லை.

"அப்போ நான் மாவை எப்படி எடை போடறது?" என்றார் பேக்கரிக்காரம்மா.

"நாளைக்கு நான் புது தராசே வாங்கித் தர்றேன்," என்றார் மாப்பிள்ளை.

"தராசு வேணாம். பேட்டரி மட்டும் போதும். நீங்க இன்னும் திருந்தல."

நான் எழுதிய புதுப் பத்தியை உரக்கப் படித்துக் காட்டினேன். தங்கை ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள். 'வேண்டுகிறோம்' என்று இருந்ததை 'கோருகிறோம்' என்று மாற்றினேன். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கி வந்தார் பேக்கரிக்காரம்மா. அவர் வாங்கினால் சீக்கிரம் முடியும். வரைபடங்களை வரிசைப்படி அடுக்கி, கடிதத்தை மேலே வைத்து, பெரிய உறைக்குள் செலுத்தினேன். தங்கை உறையின் விளிம்பில் பசையைத் தடவி, அளவுகோலின் முதுகால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

சென்ட்டுக்காரர் தன் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "கார் கீழதான் நிக்குது சார். நான் நகராட்சி ஆஃபீஸ் வழியாத்தான் போறேன். குடுங்க, நானே சேர்த்துடறேன். தபால் செலவு மிச்சம்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்," என்றேன். "நீங்க சும்மா வாங்க. போஸ்ட் ஆஃபீஸ் வரைக்கும் எங்களை இறக்கி விடுங்க. முத்திரை குத்தறதை நீங்களும் பார்த்த மாதிரி இருக்கும்."

மறுக்க அவருக்கு வழி இருந்தது. ஆனால் மாடிப்படி நெடுக ஆட்கள் கதவைத் திறந்து வைத்து நின்றார்கள். அவர் எங்களை ஏற்றிக்கொண்டார். பின் இருக்கையில் தங்கை உறையை மடியில் தட்டையாகப் பிடித்திருந்தாள். காருக்குள்ளும் அந்த வாசனைதான்.

தபால் நிலையத்தில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் உறையை வாங்கி எடை போட்டார், ரசீது எழுதினார். பிறகு உறையை இரண்டாக மடித்துத் தபால் பைக்குள் போட முயன்றார்.

"மடிக்கக் கூடாது," என்றாள் தங்கை.

"மடிக்காம இதுக்குள்ள போகாதும்மா."

"உள்ள வரைபடம் இருக்கு. மடிச்சா கோடு உடையும்."

"எல்லாரும் மடிச்சுத்தாம்மா அனுப்பறாங்க."

"நாங்க மடிக்க மாட்டோம்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் கார்ச் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றவரையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். உறையை மேசையில் படுக்க வைத்து, அன்றைய தேதி முத்திரையை மையில் தொட்டு, தங்கை விரல் காட்டிய இடத்தில் குத்தினார். வாசலில் தபால் வண்டி நின்றுகொண்டிருந்தது. உறையை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு போய், மூட்டைகளுக்கு எல்லாம் மேலே, மடிப்பில்லாமல் வைத்துவிட்டு வந்தார்.